ஆரணி: இழைக்கும் மார்க் ஷீட் வேணும் பாஸ்!

ஆற்காட்டுல பஸ் ஏறினா கொஞ்ச நேரத்துல ஆரணி. கமண்டல நாகநதிக் கரை ஊர். "பட்டு எடுக்க வந்தீங்களா?" என்று இறங்கினதுமே விசாரிக்கிறார்கள். எடுக்க இல்லீங்க, சும்மா பார்க்க!

பார்க்கணும்னா காலையிலேயே போயிடணும். தெருவில் பாவு நீட்டி, அறுந்த இழையைத் தேடித் தேடி முடிந்துகொண்டிருந்தார்கள். வீட்டுக்குள்ளே தறிக்குழி, 'டக்... டக்...' நாடா சத்தம்.

தறியில் இருந்த பெரியவர் ஓர் இழையை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். "இங்க தடிச்சிருக்கு, தெரியுதா தம்பி?"

சத்தியமா தெரியலை!

"ஊடையில இது போச்சுன்னா சேலையில குறுக்கால கோடு விழும். நெய்ஞ்ச பிறகு என்ன பண்றது? கூலியில பிடிச்சிடுவாங்க."

நூல் செய்த தப்புக்கு நெய்தவருக்கு அபராதம்!

கச்சாப் பட்டு எவ்வளவு மெலிசு தெரியுமா? 20/22 டெனியர் இழை 9,000 மீட்டர் இருந்தாலும் எடை சுமார் 21 கிராம்தான். சோதனைக்கூடங்களில் இதைக் கறுப்புப் பலகையில் சுற்றி, இருட்டறையில் விளக்கடியில் வைத்து, மாதிரிப் படங்களோடு கண்ணால் ஒப்பிடுவார்கள். பெயர் 'செரிபிளேன்' சோதனை. ஆளுக்கு ஆள் மார்க் மாறலாம், நம்ம செமஸ்டர் பேப்பர் மாதிரி!

இதற்குத்தான் ஆப்டிகல் சென்சார். ஒரு பக்கம் விளக்கு, எதிரில் ஒளியை அளக்கும் கருவி, நடுவே இழை ஓடும். தடித்த இடத்தில் நிழல் கூடும், மெலிந்த இடத்தில் குறையும். ஒவ்வொரு குறையும் கணக்கில் ஏறிவிடும். மின்னணு முறையில் கச்சாப் பட்டைச் சோதிக்க 2014-ல் ஐ.எஸ்.ஓ. 15625 என்ற சர்வதேசத் தர அளவே வந்துவிட்டது.

சீஸ் தயாரிப்பிலும் இதே டெக்னிக் உண்டு. பால் உறைய உறைய, அது திருப்பி அனுப்பும் அகச்சிவப்பு ஒளி கூடும். தயிரை வெட்டும் நேரத்தை அதை வைத்தே கணிக்கிறார்கள். பால் கெட்டியான பிறகு வருந்திப் பயனில்லை, சேலை நெய்த பிறகும் அப்படித்தான்.

பெரியவரின் கண்ணுக்கு ஈடான மெஷின் வந்தாலும், அது லேபிலேயே நின்றுவிட்டால் அவருக்கு என்ன லாபம்? தறிக்கு வரும் நூலோடு அதன் மார்க் ஷீட்டும் வரணும். அப்போதான் கோடு விழுந்தால் யார் தப்பு என்று தெரியும்.

இன்ஜினீயரிங் மக்களே, ஃபைனல் இயர் புராஜெக்ட்டுக்குத் தலைப்பு தேடுறீங்களா? ஆரணிக்கு ஒரு டிக்கெட் எடுங்க!