பாட்டும் சரக்கும்

கேட்போர் நெஞ்சில் இடம்பிடித்த ஒரு பாட்டு, பொருள் விற்கப் புறப்படும்போது அது யாருக்குச் சொந்தம் என்னும் வழக்கு புதிதன்று. 1987இல் நைக்கி காலணி நிறுவனம், பீட்டில்ஸ் குழுவினர் பாடிய 'ரெவல்யூஷன்' ஒலிப்பதிவையே தன் விளம்பரத்தில் சேர்த்தது. ஒலிப்பதிவின் உரிமையாளரிடம் அனுமதி பெற்றிருந்தும், பீட்டில்ஸின் ஆப்பிள் நிறுவனம் வழக்குத் தொடுத்தது. பின்னர் அது சமரசமாக முடிந்தது. ஆயினும், அனுமதி இருந்துவிட்டால் மட்டும் போதுமா என்ற கேள்வி அத்துடன் முடியவில்லை.

நம் மண்ணில் கதை நேர்மாறாகவும் நடந்திருக்கிறது. ஏ.ஆர். ரஹ்மான் 1992இல் 'ரோஜா'வுக்கு இசையமைப்பதற்கு முன் விளம்பர இசையிலேயே கைபழகியவர். லியோ காபி விளம்பரமும் அவர் இசைத்ததே. 2002இல் ஏர்டெல்லுக்காக அவர் அமைத்த சிறு மெட்டு, எந்தப் படத்திலும் இடம்பெறாமலே வீட்டுக்கு வீடு ஒலித்தது. தொழுகை வரிசையில் அணைக்க மறந்த கைப்பேசியிலிருந்து அது எழும்பிய நாட்களை இதைப் படிப்போர் பலரும் அறிவர். விற்பனைக்கென்றே பிறந்த மெட்டு அது. அதில் ஒளிவுமறைவு எதுவுமில்லை.

'கொலவெறி' அப்படிப்பட்டதன்று. தனுஷ் பாடி, அனிருத் இசையமைத்து, 2011 நவம்பரில் '3' படத்துக்கு முன்னோட்டமாக வெளிவந்த அப்பாடல் சில நாட்களுக்குள் உலகம் சுற்றிவிட்டது. அதன் மெட்டில் வேறு சொற்களைக் கோத்து, தள்ளுபடியையும் முந்தானை நீளத்தையும் பாடிக்கொண்டு எங்கள் சின்னாளப்பட்டிக் கடைவீதியிலும் ஒலிபெருக்கி வண்டிகள் உலாவின. கேட்கச் சிரிப்பாகத்தான் இருந்தது. இசையமைத்தவரிடம் யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

பாட்டு காற்றில் வருவதுதானே, அதற்கென்ன வாடகை என்பார்கள் நம்மவர்கள். 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் சமயச் சடங்குகளுக்கும் திருமண ஊர்வலத்துக்கும் விலக்கு அளிக்கிறது. வணிகத்துக்கு அந்த விலக்கு இல்லை. 2012இல் வந்த திருத்தம், பாடலாசிரியருக்கும் இசையமைப்பாளருக்கும் உரிமைத்தொகையில் பங்கை உறுதிசெய்தது. அடுத்தவன் தோட்டத்து மாங்காயைக் கேளாமல் பறிப்பது ஆகாது என்று பிள்ளைகளுக்குச் சொல்லித் தருகிற நாம், அடுத்தவன் உழைப்பில் பிறந்த மெட்டை மட்டும் ஏன் வேறாகக் கருதுகிறோம்?

இசை ஆகுமா ஆகாதா என்னும் பழைய விவாதத்துக்குள் இங்கு நாம் நுழையவில்லை. அதை ஆலிம்களிடம் விட்டுவிடுவோம். நமக்கு உறுத்துவது வேறொன்று.

சுங்குடி என்பது கையால் முடிச்சுப் போட்டு, சாயத்தில் தோய்த்து, முடிச்சை அவிழ்க்கும்போது புள்ளிகள் மலரும் சேலை. ஒரு சேலைக்கு ஆயிரக்கணக்கில் முடிச்சு. கண்ணும் விரலும் தேயும் வேலை. அச்சிலும் அதே புள்ளிகள் வந்துவிடுகின்றன. அச்சுச் சேலை இழிவானதுமன்று, ஏழை வாங்கக்கூடிய நல்ல சேலைதான். ஆனால் துள்ளும் மெட்டுக்கு நடுவே 'அசல் சுங்குடி' என்று இழுத்துப் பாடும்போது, எது அசல், எது அச்சு என்று கேட்க வாங்குபவருக்கு நேரமே வாய்ப்பதில்லை. பேச்சாகச் சொல்லியிருந்தால் நாக்கு சற்றே தயங்கியிருக்கும். தானியக் குவியலுக்குள் கைவிட்டு ஈரத்தைக் கண்டுபிடித்த நபி (ஸல்) அவர்கள், நனைந்ததை மேலே வைத்திருக்கக் கூடாதா என்று அந்த வணிகரைக் கேட்டார்கள். அச்சுச் சேலையைக் கைமுடிச்சுச் சேலைக்கு அடியில் அடுக்கி வைத்துவிட்டு, குவியலின்மேல் ஒரு பாட்டைப் போர்த்துவதும் அந்த ஈரத்தைச் சேர்ந்ததே என்பது நம் எண்ணம்.

எங்கள் குடும்பத்துச் சிறு கடைக்கு இந்த ஆண்டுப் பெருநாளுக்கு விளம்பரம் வேண்டும் என்றார்கள் இளையவர்கள். புதுப் பாட்டொன்றையும் கைப்பேசியில் தயாராக வைத்திருந்தார்கள். அவர்களைக் கடிந்துகொள்ளவும் மனம் வரவில்லை. எதிர்க்கடையில் கூட்டம் கூடுவதை அவர்கள் கண்ணால் பார்க்கிறார்கள், கடன் தவணையும் காத்திருக்கிறது. இரண்டு இரவுகள் பேசினோம். முடிவில் பாட்டில்லாமல் நாலு வரி எழுதினோம்: கைமுடிச்சு என்ன விலை, அச்சு என்ன விலை, சாயம் போனால் எத்தனை நாளைக்குள் திருப்பித் தரலாம், கடை எங்கே இருக்கிறது. வாசித்துப் பதிவுசெய்தது மருமகள். கணீரென்ற குரல்.

வண்டி ஓட்டுபவர் ஒருமுறை கேட்டுவிட்டு, "இதை யாருங்க நின்னு கேப்பாங்க?" என்றார். முதல் மூன்று நாள் அவர் சொன்னபடியேதான் இருந்தது. நான்காம் நாள் கன்னிவாடிப் பக்கமிருந்து ஓர் அம்மா வந்து, "ரெண்டு விலை சொன்ன கடை இதுதானா?" என்று விசாரித்து, அச்சில் நான்கு சேலைகள் எடுத்துச் சென்றார்.