துக்க வீட்டில் ஒரு சிரிப்புப் புத்தகம்

தூத்துக்குடிக்காரர்கள் இலக்கியம் பேச உட்கார்ந்தால் கடல் வந்துவிடும். கடல் வந்தால் சாவும் கூடவே வந்துவிடும். ஜோ டி குருஸின் 'ஆழி சூழ் உலகு' (2004), சாகித்ய அகாதமி விருது பெற்ற 'கொற்கை' (2009) என்று எங்கள் கரையின் பெரிய நாவல்கள் இழப்பைச் சுமப்பவை. அவற்றைப் படித்துத்தான் நான் வாசகியானேன். ஆனால் அப்பா இறந்த வருடம் அவற்றில் ஒன்றைக்கூடத் திறக்க முடியவில்லை. அந்த வருடம் கையில் இருந்தது பி.ஜி. வோட்ஹவுஸின் 'ஜாய் இன் தி மார்னிங்'.

சரியான கூத்து. ஃபுளோரன்ஸ் என்ற பெண்ணிடம் எப்படியோ தப்பித்தவன் பெர்ட்டி வூஸ்டர். அவளுக்கு இப்போது ஒரு போலீஸ்காரனோடு நிச்சயமாகியிருக்கிறது. அவர்கள் சண்டை போட்டால் பெர்ட்டி மறுபடி மாட்டிக்கொள்வான். இன்னொரு பக்கம் நாபி என்ற பெண் ஓர் எழுத்தாளனைக் கல்யாணம் செய்ய, கார்டியனாக இருக்கும் முசுட்டுக் கிழவரின் சம்மதம் வேண்டும். நடுவில் நல்ல காரியம் செய்தே தீருவேன் என்று அலையும் ஒரு சாரணச் சிறுவன், புகைபோக்கியைச் சுத்தம் செய்யப்போய் வீட்டையே கொளுத்துகிறான். எல்லாவற்றையும் வேலைக்காரர் ஜீவ்ஸ் சரிசெய்கிறார். அவ்வளவுதான்.

நான் வாய்விட்டுச் சிரித்ததைக் கேட்ட அத்தை, "நாப்பது கழிஞ்சி இன்னும் ஒரு மாசம் ஆவல, துட்டி வீட்ல என்ன சிரிப்பு?" என்றாள். பதில் சொல்லவில்லை. ஆனால் அந்தக் கேள்வி என்னோடு கிடந்தது.

அதன் பிறகுதான் அந்த நாவல் எப்படி எழுதப்பட்டது என்று தேடிப் படித்தேன். வோட்ஹவுஸ் பிரான்சின் லெ துக்கே ஊரில் அதை எழுதிக்கொண்டிருந்தபோது, 1940இல் ஜெர்மன் படை ஊரைப் பிடித்தது. அவரைக் கைதுசெய்து கடைசியில் டோஸ்ட் என்ற ஊரில், மனநோய் மருத்துவமனையாக இருந்த ஒரு கட்டடத்தில் அடைத்தார்கள். 1941 ஜூனில் வெளியே வந்த பிறகு, ஜெர்மனியில் இருந்தபடியே நாவலை முடித்தார். அச்சில் வந்தது 1946இல். அதன் ஒரு பக்கத்திலும் போர் இல்லை. தலைப்பு மட்டும் பைபிளின் 30ஆம் சங்கீதத்திலிருந்து வருகிறது. இரவு முழுக்க அழுபவருக்கு விடியலில் கிடைக்கும் மகிழ்ச்சியைச் சொல்லும் சங்கீதம். பனிமய மாதா கோயில் நிழலில் வளர்ந்த எனக்கு அதை யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

இதே மனிதர் 1941இல் பெர்லின் வானொலியில் தன் முகாம் வாழ்க்கையை வேடிக்கையாகப் பேசினார். குண்டுவீச்சில் வீடிழந்து நின்ற பிரிட்டனில் பலர் அவரைத் துரோகி என்றார்கள். ஆக, எந்தச் சிரிப்பும் எங்கேயும் செல்லும் என்று நான் சொல்ல வரவில்லை. யாரிடம், எந்த இடத்தில் நின்று சிரிக்கிறோம் என்பது முக்கியம். அத்தையின் கேள்வியும் அதுதானே!

லேசாக எழுதுவது லேசான வேலையும் இல்லை. எங்கள் ஊர் மக்ரூனைப் பாருங்கள். முட்டை வெள்ளைக்கருவை நுரை நிற்கும் வரை அடித்து, சர்க்கரையும் பொடித்த முந்திரியும் சேர்த்துச் சுட வேண்டும். அடிக்கிற கை சோர்ந்தால் பண்டம் படுத்துவிடும். வோட்ஹவுஸும் நாவலைத் தொடங்கும் முன் கதைத்திட்டத்தைப் பக்கம் பக்கமாக எழுதி, அடித்து, திரும்ப எழுதியவர்.

ராத்திரிகளில் அம்மாவுக்குத் தூக்கம் வராது. ஒரு நாள் அவளுக்கு இந்தக் கதையைத் தமிழில் சொல்ல ஆரம்பித்தேன். நாபியின் கல்யாணம் கிழவர் கையில் இருக்கிறது என்றதும் அம்மா எழுந்து உட்கார்ந்தாள்.

அப்பா சங்கு குளித்தவர். 1961க்குப் பிறகு எங்கள் கடலில் முத்துக்குளிப்பு நடக்கவில்லை, சங்குக்குத்தான் மூழ்குகிறார்கள். முத்துக்குளித்த காலத்தில் மூழ்குபவனின் கயிறு மச்சான் கையில் இருக்கும் என்பார்கள். தங்கச்சி தாலியை நினைத்தாவது கயிற்றை விடமாட்டான் என்ற கணக்கு.

"உங்க அப்பாவுக்கு எங்க அண்ணன்தானட்டி டியூப் பாத்தான்," என்றாள் அம்மா. "ரெண்டு பேருக்கும் சண்டைன்னா மறுநாள் உங்க அப்பா கடலுக்கே போவ மாட்டாவ. காய்ச்சல்னு படுத்துக்கிடுவாவ. நான் போயி அண்ணன்ட்ட சமாதானம் பேசணும்."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். அப்பாவைப் பற்றிப் பேசி நாங்கள் சிரித்தது அன்றுதான் முதல் தடவை. பக்கத்தில் படுத்திருந்த அத்தை, "பொய்க் காய்ச்சல்னா எங்க அண்ணன் இருமவும் செய்வான்," என்றாள்.

கொஞ்ச நேரம் கழித்து அம்மா கேட்டாள்: "அந்த பெர்ட்டி கடைசில யாரத்தான் கெட்டுனான்?"

"யாரையும் இல்லம்மா."

"அப்ப அடுத்த புத்தகத்த எடு."