சீனாய் மலையடியில்

எகிப்து நாட்டின் தலைநகராகிய கெய்ரோவிலிருந்து விடியற்காலையில் புறப்படும் யாத்திரிகர், சூயஸ் கால்வாயின் அடியிற் செல்லும் சுரங்கப் பாதையைக் கடந்ததும் ஆசியக் கண்டத்தில் கால் வைக்கின்றனர். அதன் பின்னர் வழி நெடுக மணலும் பாறையுமே காட்சி. எங்கேனும் ஓரிடத்தில் சில பேரீச்ச மரங்களும், அவற்றின் நிழலில் இரண்டொரு ஒட்டகங்களும் தென்பட்டால் அதுவே பெரிய ஆறுதல். மாலை நெருங்கும் வேளையில் பேருந்து மலைகளுக்கிடையே நுழைகிறது. புல் பூண்டு எதுவுமின்றி, சிவந்த பாறைகள் வானத்தை நோக்கி எழுந்து நிற்கின்றன. அதுவரை செபமாலையும் பாட்டும் பேச்சுமாக வந்த எங்கள் குழுவினர், எவரும் சொல்லாமலே மௌனமாகிவிட்டனர். சில ஆண்டுகளுக்கு முன் நாங்கள் மேற்கொண்ட திருநாட்டு யாத்திரையில் எருசலேமும் பெத்லகேமும் இருந்தன. ஆயினும் பேச்சை அடக்கிய இடம் இதுவே.

இம்மலையை அரேபியர் 'ஜெபல் மூசா', அதாவது மோசேயின் மலை என்கின்றனர். நம் பாட்டிமார் மோயீசன் என்று அழைத்த அதே பெரியவர்தாம். மலையின் உயரம் 2,285 மீட்டர். நமது தொட்டபெட்டாவைவிடச் சற்றுத் தாழ்ந்தது. ஆண்டவர் பத்துக் கட்டளைகளை அருளிய மலை இதுதானா என்று ஆராய்வோர் வேறு சில மலைகளையும் சுட்டுவதுண்டு. எனினும் 4ஆம் நூற்றாண்டு முதற்கொண்டே கிறிஸ்தவத் துறவியர் இவ்விடத்தில் தங்கிச் செபித்து வந்துள்ளனர். அந்நூற்றாண்டின் இறுதியில் எஜேரியா என்னும் பெண்மணி நெடுந்தொலைவிலிருந்து இங்கு வந்து, மலையேறி, எரியும் முட்செடியின் இடத்தையும் கண்டு எழுதி வைத்திருக்கிறார். பேருந்தும் விடுதியும் இல்லாத காலத்தில் ஒரு பெண் இத்தகைய பாலைவனத்தைக் கடந்தார் என்பது வியப்பிற்குரியதே.

அன்று மாலை விடுதி முற்றத்தில், மலையை நோக்கியவாறு அமர்ந்திருந்தோம். எங்களை அழைத்துச் சென்ற குருவானவர் யாத்திராகமத்தின் 19, 20ஆம் அதிகாரங்களை வாசித்தார். மலையைச் சுற்றிலும் எல்லை குறிக்கப்படுகிறது. அதைத் தொடுபவன் சாவான் என்று எச்சரிக்கை தரப்படுகிறது. இடியும் மின்னலும் எக்காள முழக்கமும் எழ, சூளையின் புகைபோல் மலை புகைகிறது. மக்கள் நடுநடுங்கித் தொலைவில் நின்று, 'கடவுள் எங்களோடு பேச வேண்டாம், நீரே பேசும்' என்று மோசேயிடம் கெஞ்சுகின்றனர்.

எங்கள் குழுவில் தூத்துக்குடிக் கரையைச் சேர்ந்த ஒரு முதிய தாயார் இருந்தார். வாசகம் முடிந்ததும் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து போய்விட்டார். அவருடைய வரலாற்றை அவரே பேருந்தில் என் மனைவியிடம் சொல்லியிருந்தார். கடற்கரைப் பங்குகளில் ஞாயிற்றுக்கிழமை கடலுக்குப் போவதில்லை என்பது கட்டுப்பாடு. அவருடைய கணவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை, வட்டிக்காரனுக்கு அஞ்சிக் கடலுக்குப் போனார். திங்கட்கிழமை அவர் உடல்தான் கரை சேர்ந்தது. அடக்கத்தன்று யாரோ ஒருவர், 'சாமி நின்று கேட்டுவிட்டார்' என்று சொல்லிவிட்டுப் போனார். சொன்னவர் மறந்திருப்பார். கேட்டவரோ முப்பது ஆண்டுகளாக மறக்கவில்லை. கோவிலுக்குத் தவறாமல் போவார். கடைசித் தூணருகே நின்றுவிட்டு வருவார். கணவருக்காக ஒரு பூசைகூட அவர் கேட்டதில்லை. தண்டனை பெற்றவருக்குப் பூசை எதற்கு என்று நினைத்திருந்தார்.

நம் வீடுகளில் இதற்கு வித்திடுகிறவர்கள் நாமேதான். சோறு உண்ண மறுக்கும் குழந்தையிடமும், பொய் சொல்லும் சிறுவனிடமும் 'சாமி கண்ணைக் குத்தும்' என்று எத்தனை முறை சொல்லியிருக்கிறோம்! பிள்ளைகளை அடக்குவதற்குப் பூச்சாண்டி அகப்படாத நேரத்தில் ஆண்டவரை அழைத்துக்கொள்கிறோம். வளர்ந்தபின் அவர்களுள் சிலர் அந்தப் பூச்சாண்டியை நம்புவதில்லை. அவனோடு ஆண்டவரையும் விட்டுவிடுகின்றனர். வேறு சிலர் அந்தத் தாயாரைப் போல இறுதிவரை நம்புகின்றனர். எது அதிகத் துயரமானது என்று சொல்ல எனக்குத் தெரியவில்லை.

ஆனால் அன்று வாசிக்கப்பட்ட பகுதியின் முடிவில் ஒரு வசனம் உண்டு. பலரும் அதை விரைந்து கடந்துவிடுகின்றனர். நடுங்கும் மக்களை நோக்கி மோசே, அஞ்ச வேண்டாம் என்கிறார். அதே மூச்சில், பாவம் செய்யாதபடி கடவுளைப் பற்றிய அச்சம் உங்கள் கண்முன் இருக்கட்டும் என்றும் சொல்கிறார். அச்சம் வேண்டாம், அச்சம் வேண்டும்! ஒரே வசனத்தில் இரண்டு அச்சங்கள். எபிரேய மொழியில் இவ்விரண்டிற்கும் ஒரே வேர்ச்சொல் வழங்குகிறது. தமிழரோ இவ்விடத்தில் சற்று நுட்பமானவர்கள். பயத்தையும் பக்தியையும் பிணைத்துப் 'பயபக்தி' என்றொரு சொல்லை வைத்திருக்கிறோம். வெறும் பயத்தை எவரும் அப்பெயரால் அழைப்பதில்லை.

திருச்சபையின் ஆசிரியர்கள் இதனை நெடுங்காலமாகப் பிரித்துக் காட்டியுள்ளனர். புனித அகுஸ்தீனார் தரும் உவமை எளிதானது: ஒரு மனைவி, கணவன் வந்துவிடுவானோ என்று அஞ்சுகிறாள்; மற்றொருத்தி, அவன் தன்னை விட்டுப் போய்விடுவானோ என்று அஞ்சுகிறாள். கேட்டால் இருவரும் அச்சம் என்றே சொல்வர். ஆனால் இருவர் நெஞ்சமும் ஒன்றல்ல. புனித தோமாஸ் அக்குயினாஸ் முன்னதை அடிமையின் அச்சம் என்றும், பின்னதைப் பிள்ளையின் அச்சம் என்றும் பிரித்தார். ஞானோபதேசத்தில் தூய ஆவியின் கொடைகள் ஏழையும் மனப்பாடம் செய்தபோது, ஏழாவதாகத் 'தெய்வபயம்' என்று ஒப்புவித்தோமல்லவா? பயம் எப்படிக் கொடையாகும் என்று அன்று நாம் கேட்கவில்லை. பிள்ளையின் அச்சத்தைத்தான் அங்கே கொடை என்கிறது திருச்சபை. நிறையன்பு அச்சத்தைப் புறம்பே தள்ளும் என்று அருளப்பர் தம் முதல் திருமுகத்தில் எழுதுவது அடிமையின் அச்சத்தைப் பற்றியது. தள்ளப்பட்ட இடம் வெறுமையாய் இருப்பதில்லை.

நள்ளிரவுக்குப் பின் மலையேறத் தொடங்கினோம். பெதுயீன் வழிகாட்டி முன்னே விளக்குடன் சென்றான். ஒட்டகம் செல்லும் சுற்றுப்பாதை ஒன்றும், பாறையில் செதுக்கிய 3,750 படிகள் கொண்ட செங்குத்தான வழி ஒன்றும் உள்ளன. அப்படிகளுக்குத் 'தவப் படிகள்' என்று பெயர். துறவி ஒருவர் தம் பாவத்திற்குப் பரிகாரமாக அமைத்தார் என்பது மரபு. ஏறுவது சுற்றுப்பாதையிலும் இறங்குவது படிவழியிலுமாக வைத்துக்கொண்டோம். முழங்கால் வலி உள்ளோர் இரு முறையும் சுற்றுப்பாதையையே நாடுவது நலம். படிவழியில் கல்லால் ஆன தோரண வாயில் ஒன்று இருக்கிறது. 6ஆம் நூற்றாண்டில் ஸ்தேவான் என்னும் துறவி அங்கே அமர்ந்து, வருவோரின் பாவசங்கீர்த்தனத்தைக் கேட்ட பின்னரே சிகரத்திற்கு விடுவார் என்பர். அவருடைய எலும்புக்கூடு, துறவற உடை அணிவிக்கப்பட்டு, மடத்தின் எலும்பறையில் இன்னும் வாயிற்காவலர்போல் அமர்ந்திருக்கிறது.

வாயில்களுக்குச் சற்று மேலே, எலியா தங்கியதாகக் கருதப்படும் சிறு பள்ளத்தாக்கு. அரசி ஈசபேலுக்கு அஞ்சி உயிர் தப்ப ஓடி வந்தவர் அவர். இங்கே பெருங்காற்று வீசியது, நிலம் அதிர்ந்தது, தீ எழுந்தது. அவற்றில் ஆண்டவர் இல்லை. அவற்றிற்குப் பின் வந்த மெல்லிய ஒலியைக் கேட்டபோதுதான் எலியா போர்வையால் முகத்தை மூடிக்கொண்டார். புயலுக்கு மூடாத முகத்தை மென்மைக்கு மூடினார்! ஆண்டவர் அருகில் வந்துவிட்டார் என்று அறிந்தவனுக்கு உண்டாகும் அச்சம் இது. அரசிக்கு அஞ்சியவர் ஓடினார்; ஆண்டவருக்கு அஞ்சியவர் ஓடவில்லை, குகை வாயிலில் வந்து நின்றார்.

சிகரத்தில் 1934இல் கட்டப்பட்ட சிறு ஆலயமும், அருகே ஒரு மசூதியும் உள்ளன. கதிரவன் எழும் காட்சியை என் எழுதுகோல் வருணிக்க முயலாது. ஆயினும் அங்கே கூடியிருந்த பல நாட்டாரில் பெரும்பாலோர், கதிரவனுக்கு முதுகைக் காட்டித் தங்கள் அலைபேசியை நோக்கிச் சிரித்துக்கொண்டிருந்ததைச் சொல்லாமல் இருக்க இயலவில்லை. மோசே முகத்தை மறைத்துக்கொண்ட மலையில் நம் முகத்தைத்தான் படம் பிடிக்கிறோம். நற்கருணை எழுந்தேற்றத்தின்போதும் சட்டைப் பையில் அலைபேசி பாடுவதைக் கேட்டுப் பழகிய நாம், வெளிநாட்டாரைக் குறை கூறுவதற்கில்லை. இந்நாளில் பயப்படுகிறவர் ஒரு பக்கம். எதற்கும் வாய் மூடாதவர் மறுபக்கம்.

காலையில் இறங்கி வந்து மடத்தினுள் நுழைந்தோம். தாயார் எங்களுக்காக வாயிலில் காத்திருந்தார். புனித கத்தரீனாள் மடம் எனப்படும் இது, பேரரசர் ஜுஸ்தீனியானால் 6ஆம் நூற்றாண்டில் கோட்டை மதிலோடு கட்டப்பட்டு, இன்றுவரை துறவியர் வாழும் இடமாக நிலைத்திருக்கிறது. கிரேக்க வைதீகத் திருச்சபையினரின் மடம். சுற்றிலும் வாழும் ஜெபலியா பெதுயீன்கள் இசுலாமியர். தலைமுறை தலைமுறையாக அவர்களே மடத்திற்குக் காவலும் துணையுமாக இருக்கின்றனர். 4ஆம் நூற்றாண்டின் கிரேக்க விவிலியச் சுவடி 19ஆம் நூற்றாண்டில் இங்கிருந்துதான் வெளியுலகிற்குத் தெரிய வந்தது; அதன் பெரும்பகுதி இப்போது இலண்டனில். 2000ஆம் ஆண்டு பிப்ரவரி 26இல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் இங்கு வந்து, மடத்தின் தோட்டத்தில் இறைவார்த்தை வழிபாடு நடத்தினார்.

கோவிலின் பலிபீடத்திற்கு மேலே, 6ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த வண்ணக் கற்சித்திரம். அதில் இடம்பெற்றிருப்பது சீனாய் நிகழ்ச்சி அல்ல, ஆண்டவரின் உருமாற்றம்! நடுவில் கிறிஸ்து, இருபுறமும் மோசேயும் எலியாவும், கீழே சீடர் மூவர். இம்மலையில் முகத்தை மூடிக்கொண்ட இருவரும் அங்கே முகம் மூடாமல் நிற்கின்றனர். வீழ்ந்த சீடரை இயேசு அருகில் வந்து தொட்டு, அஞ்ச வேண்டாம் என்றார் என மத்தேயு எழுதுகிறார். தொடுபவன் சாவான் என்ற மலையின் அடியில், தொட்டு எழுப்பும் ஆண்டவரை வரைந்து வைத்த அத்துறவியர் மறைநூலை நன்கு அறிந்தவர்கள்.

அப்பலிபீடத்தின் பின்னால், தரைமட்டம் தாழ்ந்த ஒரு சிற்றாலயம் உண்டு. எரிந்தும் கருகாத முட்செடி நின்ற இடம் அதுவென்பர். செடி இப்போது வெளியே, சுவரோரமாகத் தழைத்து நிற்கிறது. சிற்றாலயத்தினுள் எல்லாரையும் விடுவதில்லை. எங்களுக்கு அனுமதி கிடைத்திருந்தது. பாதணியைக் கழற்ற வேண்டும் என்று துறவி சைகை காட்டினார். நம்மவர்க்கு இது புதிதன்று. கோவில் வாசலில் செருப்பை விடுவது நம் ஊர் வழக்கம். எல்லாரும் கழற்றினர். தாயார் மட்டும் செருப்போடு பின்வாங்கி நின்றார்.

"வாங்கம்மா" என்றார் குருவானவர்.

"நான் இங்கனயே நின்னுக்கிடுதேன் சாமி. கிட்டப் போனா சாவான்னு நேத்து வாசிச்சீங்களே."

குருவானவர் சிறிது நேரம் பேசவில்லை. பின்னர் சொன்னார்: "மோசேயை ரெண்டு தடவை பேர் சொல்லிக் கூப்பிட்டாரும்மா. அங்கேயே நில்லுன்னாரு, செருப்பைக் கழற்றுன்னாரு. திரும்பிப் போன்னு சொல்லலையே."

தாயார் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். குனிந்து செருப்பைக் கழற்றுவதற்கு அவருக்கு வெகு நேரம் ஆயிற்று. என் மனைவி கைகொடுத்தாள். உள்ளே சென்றதும் அவர் முழந்தாளிட்டு நெற்றியைத் தரையில் வைத்தார். கணவர் பெயரை இரண்டு முறை சொன்னது எங்களுக்குக் கேட்டது. துறவி எங்களை அவசரப்படுத்தவில்லை.

மடத்தின் காட்சியகத்தில் கிறிஸ்துவின் படம் ஒன்று இருக்கிறது. மெழுகில் வண்ணம் குழைத்து 6ஆம் நூற்றாண்டில் தீட்டியது. அதன் முகத்தின் இரு பாதிகளும் ஒன்றுபோல் இல்லை. ஆசீர்வதிக்கும் கையின் பக்கமுள்ள பாதி சாந்தமானது. நற்செய்தி நூலை ஏந்திய பக்கத்தின் புருவமும் கண்ணும் கண்டிப்பானவை. இரக்கமும் நீதியும் என்பர் சிலர். மனித இயல்பும் இறையியல்பும் என்பர் வேறு சிலர். ஒரு பாதியைக் கையால் மறைத்துப் பார்த்தால் வேறொருவர்போல் தோன்றுகிறார் என்று குருவானவர் விளக்க, இளைஞர்கள் அவ்வாறே செய்து பார்த்தனர். இந்நாளில் நம் வீட்டுச் சுவர்களில் தொங்கும் படங்களில் சாந்தமான பாதி மட்டுமே இருக்கிறது. தாயாரின் உள்ளத்தில் முப்பது ஆண்டுகளாக மற்றப் பாதி மட்டுமே இருந்தது. எபிரேயருக்கு எழுதிய திருமுகத்தின் 12ஆம் அதிகாரம், நீங்கள் வந்து சேர்ந்தது சீனாய் மலை அன்று, சீயோன் மலை என்று தேற்றுகிறது. அதே அதிகாரம், நம் கடவுள் சுட்டெரிக்கும் நெருப்பாதலால் அச்சத்தோடும் வணக்கத்தோடும் அவரை வழிபடுவோம் என்றும் முடிகிறது. எந்தப் பாதியையும் மறைப்பதற்கு நமக்கு உரிமை தரப்படவில்லை.

நாடு திரும்பிச் சில மாதங்களுக்குப் பின் அந்தத் தாயாரின் மகனிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. நவம்பர் 2ஆம் நாள், இறந்த விசுவாசிகளின் நினைவு நாளில், தம் தந்தைக்காகப் பூசை ஒப்புக்கொடுக்கும்படி தாயாரே பங்குத் தந்தையிடம் சென்று கேட்டாராம். அன்று கல்லறைக்குச் சென்று, சாய்ந்து கிடந்த சிலுவையை நிமிர்த்தி, வெள்ளையடித்து, மெழுகுவர்த்தி ஏற்றி வைத்துவிட்டு வந்தார்கள் என்று எழுதியிருந்தார்.