திருவாலங்காட்டில் ஒரு பனி வண்டி!

மார்கழி மாதத்தில் திருவாலங்காட்டுக்குப் போகிறவர்கள் இரண்டு வகை. ஆருத்ரா தரிசனத்துக்குப் போகிற பக்தர்கள் ஒரு வகை. சித்தப்பா வீட்டில் வெண்பொங்கலும் கொத்சும் கிடைக்கும் என்று போகிறவர்கள் இன்னொரு வகை. நான் இரண்டுக்கும் நடுவில், கொஞ்சம் கொத்சுப் பக்கமாகச் சாய்ந்திருப்பவன்.

சென்னையிலிருந்து சுமார் 60 கிலோமீட்டர்தான். சென்ட்ரலில் அரக்கோணம் லோக்கலைப் பிடித்தால், மணவூருக்கு அடுத்த ஸ்டேஷன். ஒழுங்காக ரயிலில் போயிருக்கலாம். ஆனால் அந்த வாரம்தான் என் பைக்குக்குப் பின்பக்கம் அகலமான டயர் போட்டிருந்தேன். கம்பெனி கொடுத்ததைவிட இரண்டு சைஸ் பெரிசு! ஆபீஸ் ஸ்டாண்டில் நிறுத்தினால் நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். அதைச் சித்தப்பாவிடம் காட்ட வேண்டாமா?

காட்டினேன். நான் நினைத்த மாதிரி இல்லை, அவ்வளவுதான்.

ஊருக்குள் நுழைந்து, சித்தப்பா கழனிக்குப் போகும் மண் பாதையில் இறங்கினேன். கால்வாய் கசிந்து பாதை முழுக்கச் சேறு. ஒரு வளைவு வந்தது. ஹேண்டில்பாரை இடது பக்கம் திருப்பினேன். ஹேண்டில்பார் திரும்பியது. முன் சக்கரம் திரும்பியது. வண்டி மட்டும் நேராகப் போனது! அடுத்த நொடி நானும் பைக்கும், நவரைப் பட்டத்துக்குச் சேடை ஓட்டி வைத்திருந்த கழனிக்குள் மல்லாந்து கிடந்தோம்.

டிராக்டரை நிறுத்திவிட்டு சித்தப்பா எட்டிப் பார்த்தார்.

"இன்னாடா இது? நாத்து நட ஆளு வேணும்னு சொன்னேன். நீ வந்து நட்டுக்கினு நிக்கிறியே!"

அடி எதுவும் இல்லை என்று தெரிந்ததும் பைக்கைத் தூக்கி நிறுத்தினார். என் புது டயரை அவர் பார்க்கவே இல்லை. நேராக முன் சக்கரத்துக்குப் போய், சேற்றைத் துடைத்துவிட்டுக் கட்டைவிரலால் தடவினார்.

"பின்னால ஆயிரக்கணக்கா செலவு பண்ணியிருக்க. முன்னால திருத்தணி மொட்டையா கீது! இது எப்படிடா திரும்பும்?"

"ஹேண்டில் நல்லாத்தானே இருக்கு, சித்தப்பா?"

"ஹேண்டிலா வண்டியைத் திருப்புது? வா இங்க" என்று டிராக்டரிடம் அழைத்துப் போனார்.

நான் பி.காம். டிராக்டரைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் தேய்மானக் கணக்கு மட்டும்தான். சித்தப்பா பாடம் எடுத்தார். டிராக்டரின் பெரிய பின் டயரில் பட்டைப் பட்டையாகக் குறுக்கே மேடுகள் இருக்கின்றன. அவை மண்ணைப் பிடித்து வண்டியை முன்னே தள்ளுவதற்கு. சின்ன முன் டயரில் அப்படி இல்லை. சுற்றளவு நெடுக, வளையல் போட்டது போல மூன்று வரிகள். வண்டி திரும்பும்போது அந்த வரிகள்தான் மண்ணில் கத்தி போல இறங்கி, பக்கவாட்டில் வழுக்காமல் பிடித்துக்கொள்கின்றன. அந்த வரி தேய்ந்தால் ஸ்டீயரிங்கை எவ்வளவு சுற்றினாலும் பிரயோசனம் இல்லை. பின் சக்கரம் தள்ளிக்கொண்டே இருக்கும். முன் சக்கரம் வழுக்கிக்கொண்டே போகும்.

"உன் பைக்கும் அதேதான். பின் டயர் தள்ளுறதுக்கு. முன் டயர் திரும்புறதுக்கு."

சேற்றில் நின்றபடி இதைக் கேட்டபோது எனக்கு குல்மார்க் ஞாபகம் வந்தது. சிரிக்காதீர்கள். நம் ஊர்ப் பனிக்கு ஒரு மஃப்ளர் போதும். காஷ்மீர்ப் பனியில் இடுப்பு வரை புதைந்துவிடலாம். சில வருஷம் முன்பு ஆபீஸ் நண்பர்களோடு அங்கே போயிருந்தபோது, ஸ்னோமொபைல் என்ற பனி வண்டியில் ஓட்டுநரின் பின்னால் உட்கார்ந்து ஒரு சுற்று போனேன். பின்னால் பட்டாளத்து டாங்கி மாதிரி ஓடும் ரப்பர் பட்டை. முன்னால் சக்கரத்துக்குப் பதில் இரண்டு சறுக்குப் பலகைகள். அவற்றுக்கு 'ஸ்கி' என்று பெயர். ஒரு வளைவில் ஓட்டுநர் ஹேண்டிலை ஒடித்தார். வண்டி கேட்கவே இல்லை. நேராகப் போய்ப் பனி மேட்டில் முட்டி நின்றது. அவர் இறங்கி, ஸ்கியின் அடிப்பக்கத்தைக் காட்டி, "கிஸ் கயா" என்றார். தேய்ந்துவிட்டதாம். அன்றைக்கு எனக்கு அது புரியவில்லை. காஷ்மீரில் புரியாதது ஆலங்காட்டுச் சேற்றில் புரிந்தது!

ஸ்கி என்பது வெறும் தட்டைப் பலகையாக இருந்தால் பனியில் நாலு பக்கமும் வழுக்கும். அதனால் அதன் அடியில், படகுக்கு இருப்பது போல, நீளமாக ஒரு முதுகெலும்பு வைத்திருப்பார்கள். அதற்கும் கீழே ஒரு இரும்புக் கம்பி. அதன் விளிம்பில் கார்பைடு என்ற கடினமான உலோகத் துண்டுகள். இறுகிய பனியிலும் ஐஸிலும் கடித்துப் பிடிப்பது இந்தக் கார்பைடுதான். மொத்தத்தில் அதுதான் டிராக்டரின் மூன்று வரி!

பனி நாடுகளில் இதற்கென்றே தனிக் கடைகள் இருக்கின்றன. கம்பெனி கொடுத்த ஸ்கியைக் கழற்றிவிட்டு வேறு வாங்கி மாட்டுகிறார்கள். மெத்தென்ற புதுப் பனியில் ஓட்டுபவர் அகலமான ஸ்கி வாங்குகிறார். அது புதையாமல் மிதக்கும். வளைவுகளில் வேகமாகத் திரும்ப நினைப்பவர் ஆழமான முதுகெலும்பு உள்ளதை வாங்குகிறார். முன்னே போன வண்டியின் தடத்துக்குள் ஸ்கி போய் மாட்டிக்கொண்டு, வண்டி இஷ்டத்துக்கு அலைந்தால், இரண்டு முதுகெலும்பு உள்ளதைப் போடுகிறார்கள். எதுவும் சும்மா கிடைப்பதில்லை. கடி கூடினால் ஹேண்டில் கனக்கும். சாயங்காலம் தோள்பட்டை கழன்றுவிடும். ஆனால் ஒன்று கவனியுங்கள். அவர்கள் காசு செலவழிப்பது முன்பக்கத்தில். நான் செலவழித்தது பின்பக்கத்தில்!

இந்த வண்டியின் பின்னால் ஒரு சோகமும் உண்டு. கனடாவின் கியூபெக் மாநிலத்தில் ஜோசப் அர்மான் பொம்பார்டியே என்று ஒரு மெக்கானிக். 1934-ம் வருஷக் குளிர்காலத்தில் அவருடைய இரண்டு வயது மகனுக்குக் கடும் வயிற்றுவலி. பனி மூடிய பாதையில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போக வண்டி இல்லை. குழந்தை இறந்துபோனது. அதற்கு முன்பே பனி வண்டி முயற்சிகளில் இருந்தவர், விடாமல் உழைத்து 1937-ல் தன் வண்டிக்குக் காப்புரிமை வாங்கினார். 1959-ல் வந்த 'ஸ்கி-டூ' அவர் கம்பெனியுடையதுதான். இன்றைக்கு விளையாட்டாக ஓட்டுகிற வண்டி. ஆரம்பித்தது விளையாட்டாக இல்லை.

குளித்து, கொத்சைக் காலி செய்துவிட்டு, கோயிலுக்குப் போனோம். வடாரண்யேஸ்வரர் கோயில். நடராஜரின் ஐந்து சபைகளில் இது ரத்தின சபை. காளியோடு நடந்த போட்டியில் இறைவன் ஒரு காலை நேராகத் தலைக்கு மேலே தூக்கி ஆடிய ஊர்த்துவ தாண்டவம் இங்கேதான். கயிலாயத்தைக் காலால் மிதிக்கக் கூடாது என்று தலையாலேயே நடந்து போன காரைக்கால் அம்மையார், பிறகு வந்து சேர்ந்ததும் இந்த ஊருக்குத்தான். சந்நிதியில் நின்றபோது சித்தப்பா காதோரம் சொன்னார்: "ஒத்தைக் கால்ல நின்னு ஆடுறாரு பாரு. பாரம் எங்க இருக்கணும்னு தெரிஞ்சவரு."

பாரம் என்றால் என்ன என்று திரும்பும் வழியில் தெரிந்தது. இந்த ஊரில்தான் திருத்தணி கூட்டுறவு சர்க்கரை ஆலை இருக்கிறது. அரவைப் பருவத்தில் கரும்பு வண்டிகள் வரிசை கட்டும். ஒரு டிராக்டர், மலை மாதிரி கரும்பை ஏற்றிய டிரெய்லரோடு, மண் பாதையிலிருந்து ரோட்டுக்கு ஏறிக்கொண்டிருந்தது. ஏற்றத்தில் பாரம் பின்னால் அழுத்த, அதன் முன் சக்கரங்கள் இரண்டும் ஒரு சாண் உயரத்துக்கு எழும்பிவிட்டன! டிரைவர் ஸ்டீயரிங்கைச் சுற்றுகிறார். சக்கரம் காற்றில் திரும்புகிறது. வண்டி நேரே வருகிறது. எதிரே சைக்கிளில் ஒரு பள்ளிக்கூடப் பையன்.

சித்தப்பா போட்ட சத்தத்தில் பையன் சைக்கிளைப் போட்டுவிட்டுக் குதித்தான். டிராக்டர் சைக்கிள் மேல் ஏறி நின்றது. முன் சக்கரங்கள் தொப்பென்று கீழே இறங்கின. கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.

டிராக்டரின் எடையில் ஐந்தில் ஒரு பங்காவது முன் அச்சில் இருக்க வேண்டும் என்பது கணக்கு. அதற்காகத்தான் மூக்கில் இரும்புக் கட்டிகளை மாட்டுகிறார்கள். இந்த வண்டியில் அது இல்லை. இன்னொன்றும் சொன்னார் சித்தப்பா. டிராக்டரில் வலது பின் சக்கரத்துக்கு ஒரு பிரேக், இடதுக்கு ஒரு பிரேக். சேற்றில் முன் சக்கரம் வழுக்கும்போது ஒரு பக்கம் மட்டும் மிதித்துத் திருப்புவதற்கு. ரோட்டுக்கு வந்ததும் இரண்டு பெடலையும் கொக்கி போட்டு இணைத்துவிட வேண்டும். மறந்துவிட்டு வேகத்தில் ஒன்றை மட்டும் மிதித்தால் வண்டி குடை சாயும்.

"பாரம் ஏத்துறவன் எல்லாம் பின்னாலயே பார்க்கிறான்பா. திரும்புறது முன்னால கீது" என்றார். குரலில் கிண்டல் இல்லை.

மறுநாள் பைக்கை மெல்ல உருட்டித் திருவள்ளூர் வரை வந்தேன். முதலில் கண்ணில் பட்ட டயர் கடையில், நீளவாக்கில் வரி போட்ட புது முன் டயர் மாட்டினேன். டயரின் பள்ளத்துக்குள் குட்டி மேடு ஒன்று இருக்கும். மேல் ரப்பர் தேய்ந்து அதன் மட்டத்துக்கு வந்தால் டயரை மாற்றிவிட வேண்டும் என்று கடைக்காரர் காட்டினார். உங்கள் வண்டியிலும் இருக்கும். இன்றைக்கே குனிந்து பாருங்கள். பின்னால் இருந்த அகல டயரையும் கழற்றிவிட்டுப் பழைய சைஸே போட்டேன். ஒல்லி ரிம்மில் தடி டயர் போட்டால் அதன் வடிவம் மாறி, வண்டி சாய்ந்து திரும்பவே யோசிக்குமாம்.

திங்கட்கிழமை ஆபீஸ் ஸ்டாண்டில் பைக்கை நிறுத்தினேன். ஒருத்தரும் திரும்பிப் பார்க்கவில்லை.

பரவாயில்லை. வண்டி திரும்புகிறது!