சட்டையில் ஏறும் எழுத்து

தைப்பூசத்திற்கு ஒரு மாதம் இருக்கும்போதே மலேசியாவின் அச்சுக் கடைகளில் ஒருவகைப் பரபரப்புத் தொடங்கிவிடுகின்றது. தண்ணீர்ப் பந்தல் அமைப்போர், காவடியுடன் நடந்து செல்லும் நண்பர் குழாத்தினர், கோயில் தொண்டர்கள் எனப் பலரும் தத்தம் பெயர் பொறித்த சட்டைகளுக்கு முன்பணம் கொடுக்க வருவர். தமிழ்ப்பள்ளி விளையாட்டுப் போட்டிக் காலத்திலும் இதே காட்சிதான். பந்தலில் மோர் கொடுப்பதா, பானகம் கொடுப்பதா என்று மூன்று கூட்டம் போட்டு வாதிடும் இளைஞர் மன்றம், சட்டையில் அச்சை எம்முறையில் ஏற்றுவது என்பதை மட்டும் கடைக்காரரின் விருப்பத்திற்கு விட்டுவிடும். மூன்றாம் துவைப்பில் வேலின் முனை உரிந்து போகும்போதுதான் அப்படி ஒரு கேள்வி இருந்ததே நினைவுக்கு வரும்.

முறைகள் பல எனினும் அவற்றைப் பிரித்தறிய ஓர் அடையாளம் போதும். நிறம் துணியின்மேல் கிடக்கின்றதா, நூலுக்குள் புகுந்துவிட்டதா என்று பார்க்க வேண்டும். கிளந்தானிலும் திரங்கானுவிலும் மெழுகிட்டுச் சாயமேற்றும் பாத்தேக் துணியைத் திருப்பிப் பார்த்தால் மறுபுறமும் பூ தெரியும். சாயம் நூலுக்குள் இறங்கிவிட்டது. டி-சட்டையின் மார்பில் தடித்துக் கிடக்கும் எழுத்தோ, விரலால் தடவினாலே தனியாகப் புலப்படும். அது துணியின்மேல் ஒட்டிய மற்றொரு தோல். இரண்டிற்கும் இடம் உண்டு. ஆயினும், பத்துமலையின் 272 படிகளை வெயிலில் ஏறப்போகிறவன் முதுகில் ஒரு முழ அகலத்திற்கு அத்தகைய தோலை ஒட்டி அனுப்புவது இரக்கமற்ற செயல். வியர்வை போக வழியின்றி அவ்விடம் வெந்துபோகும்.

பெருந்தொகைக்கு இன்றும் ஏற்றது திரை அச்சே. 1907ஆம் ஆண்டில் மான்செஸ்டரைச் சேர்ந்த சாமுவேல் சைமன் காப்புரிமை பெற்ற முறை இது. ‘சில்க் ஸ்கிரீன்’ என்று கடைக்காரர்கள் சொன்னாலும், சட்டத்தில் இழுத்துக் கட்டப்படுவது பட்டன்று, பாலியெஸ்டர் வலை. ஒளி பட்டால் இறுகும் பசையை வலையில் பூசி, படத்தை வைத்து ஒளி பாய்ச்சிக் கழுவினால் படம் இருந்த இடம் மட்டும் திறந்துகொள்ளும். அதன் வழியே ரப்பர்ப் பட்டையால் மையை இழுப்பர். ஒரு நிறத்திற்கு ஒரு சட்டம் வேண்டும். இங்கேதான் கணக்கு இருக்கின்றது. ஒரு சட்டத்திற்கு அறுபது வெள்ளி என்று வைத்துக்கொண்டால் மூன்று நிறத்திற்கு 180 வெள்ளி. பன்னிரண்டு சட்டை அடித்தால் தலைக்குப் பதினைந்து வெள்ளி சட்டத்திற்கே போய்விடும்; முந்நூறு அடித்தால் அறுபது காசு. ஆகவே சிறு குழுவினர் மயிலுக்கு ஏழு நிறம் கேட்பது வீண் ஆடம்பரம். ஒரே நிறத்தில் நன்கு வரைந்த மயில் எவ்விதத்திலும் குறைந்ததன்று.

மையைப் பற்றியும் கேட்டறிதல் வேண்டும். பெரும்பாலான கடைகள் பயன்படுத்தும் பிளாஸ்டிசால் மை தானாக உலர்வதில்லை. ஏறத்தாழ 160 பாகை செல்சியஸ் வெப்பத்தில் வேக வேண்டும். மேற்புறம் தொட்டால் காய்ந்தது போலிருக்கும், உள்ளே வேகாமல் இருக்கும். விழாவிற்கு முதல் நாளிரவு அவசரமாகப் பெட்டியில் அடுக்கிய சட்டைகள் விரைவில் உரிவதற்கு இதுவே பெரும்பாலும் காரணம். துணியை மெல்ல இழுத்துப் பார்த்தால், வேகாத மை வெடிப்பு விட்டுக் காட்டிக்கொடுத்துவிடும். நீரில் கரைத்த மை பருத்தி நூலுக்குள் இறங்கி மென்மையாக நிற்கும். ஆனால் கறுப்புத் துணியில் மங்கித் தோன்றும்.

பந்தாட்டச் சட்டைகளுக்குச் சாயத்தை ஆவியாக்கி ஏற்றும் ‘சப்லிமேஷன்’ முறை வந்துவிட்டது. சுமார் 200 பாகை வெப்பத்தில் சாயம் ஆவியாகிப் பாலியெஸ்டர் இழைக்குள் புகும். உரிவதில்லை, கனமில்லை, நிறத்திற்கு வரம்பில்லை. ஆனால் பருத்தியில் பிடிக்காது; வெள்ளை நிறம் அச்சிட இயலாது; கருந்துணியில் தெரியாது. மஞ்சள் துணியில் நீலம் வைத்தால் பச்சையாகிவிடும். அதனால் வெண்துணியிலேயே மஞ்சளையும் சேர்த்து அச்சிட்டு, பின்னர் வெட்டித் தைப்பர். ஒரே சட்டையில் ஒருவர் பெயர் மட்டும் வேண்டுமென்றால், படலத்தில் அச்சிட்டுப் பசைத்தூள் தூவி வெப்பத்தால் ஒட்டும் முறை போதுமானது.

இவை யாவும் எம்மொழியினருக்கும் பொதுவானவை. தமிழ் எழுத்திற்கென்றே சில இடர்கள் உள. அவற்றுள் முதலாவது புள்ளி. சட்டையின் கைப்பகுதியில் அரை சென்டிமீட்டர் உயரத்தில் மன்றத்தின் பெயரை வைத்தால், மெய்யெழுத்தின் புள்ளி அரை மில்லிமீட்டர் அளவே வரும். சென்டிமீட்டருக்கு 43 இழை கொண்ட பருமனான வலையில் அத்தகைய புள்ளி நிற்பதில்லை. பசையைக் கழுவும்போது சரியாகத் திறவாது போகும், அல்லது மை அதனை நிரப்பாது. ‘தமிழ்’ என்பது ‘தமிழ’ என்றாகி ஊர்வலம் வரும். சிறு எழுத்திற்கு 77 அல்லது 90 இழை வலை கேட்க வேண்டும். இயலாதெனில் எழுத்தைப் பெரிதாக்க வேண்டும். பட்டைக்குள் வெண்மையாக விடப்படும் எழுத்தில் நிலைமை இன்னும் மோசம். மை பரவிப் புள்ளியை விழுங்கிவிடும்.

அடுத்தது எழுத்துரு. கடையின் கணினியில் உரிய எழுத்துரு இல்லையேல், பழைய குறியீட்டில் தட்டச்சிட்ட பெயர் பொருளற்ற உரோமன் எழுத்துகளாக மாறிப்போகும். ஒருங்குறியில் இருந்தாலும், தமிழறியாத வரைகலை மென்பொருள் கொம்பைப் பிரித்து எழுத்திற்குப் பின்னே தள்ளிவிடும். கடைக்காரர் சீனராகவோ மலாய்க்காரராகவோ இருக்கலாம். அவர்மீது குறை சொல்லல் தகாது. அவர் கண்ணுக்கு அது வெறும் கோலம். பிழையைக் காண வேண்டியவர் பணம் கொடுத்தவரே. எழுத்தைக் கோட்டுருவாக மாற்றிய கோப்பாகக் கொடுத்தால், கொம்பு தன் இடத்தைவிட்டு நகராது.

முழுத்தொகையும் அச்சேறுமுன் ஒரு மாதிரிச் சட்டை கேட்பதற்குப் பலர் தயங்குவர். நாட்கள் குறைவு, கடைக்காரர் முகம் சுளிப்பார் என்பர். ஆயினும், அம்மாதிரியை மூன்று முறை துவைத்து, உட்புறத்தை வெளியே திருப்பி இஸ்திரியிட்டு, தமிழ் நன்கறிந்த ஒருவரிடம் ஒவ்வோர் எழுத்தாகப் படிக்கக் கொடுத்து வாங்குவதற்கு மூன்று நாட்கள் போதும். அந்த மூன்று நாட்களையும் ஆணை கொடுக்கும் தேதியிலேயே சேர்த்துக் கணக்கிட்டுக்கொள்ள வேண்டும்.