தூண்டில் புழுவுக்கும் ஒரு பானை

குடும்பப் பத்திரிகையில் மண்புழுவைப் பற்றியா என்று முகம் சுளிக்காதீர்கள். டார்வின் 1881-ஆம் ஆண்டில் அதைப் பற்றி ஒரு முழு நூலே எழுதினார். ஞாயிறு காலையில் தூண்டிலுடன் புறப்படும் ஆண்மக்கள் இருக்கும் வீடாயின், நாற்றமெடுக்கும் புழு டப்பாவை நீங்களும் ஒரு நாள் தூக்கி எறிந்திருப்பீர்கள்.

எங்கள் சிங்கப்பெருமாள் கோவிலில் முன்பெல்லாம் குளியல் நீர் பாயும் வாழையடியைக் கொத்தினால் கை நிறையப் புழு கிடைக்கும். ஒரகடம் செல்லும் சாலையில் தொழிற்சாலைகளும் வீட்டுமனைகளும் பெருகிய பின்னர், கொல்லைகள் பலவும் சிமெண்ட் தளங்களாகிவிட்டன. என் மகனுக்கு ஷிப்ட் வேலை. வாரத்தில் ஒரு காலைப்பொழுதுதான் தன் பிள்ளையுடன் ஏரிக்கரையில் அமர முடிகிறது. அதையும் புழு தேடுவதில் கழித்தால் அந்தப் பிள்ளைக்கு மிஞ்சுவது என்ன? ஆகவே புழுக்களை வீட்டிலேயே உயிரோடு காக்கும் பொறுப்பை நான் ஏற்றுக்கொண்டேன்.

மண்புழுவுக்கு நுரையீரல் கிடையாது, தோலாலேயே சுவாசிக்கிறது. தோல் காய்ந்தாலும் சாகும், காற்றில்லாத சேற்றில் கிடந்தாலும் சாகும். மண்ணை அள்ளி இறுகப் பிழிந்தால் ஓரிரு சொட்டு நீர் கசிய வேண்டும். அதுவே சரியான ஈரம். பிளாஸ்டிக் டப்பாவைவிட மண்பானையே மேல். அதன் சுவரில் கசியும் நீர் ஆவியாவதால் உள்ளே குளிர்ச்சி நிலவும். அடியில் சிறு துளையிட்டு, வாயை நனைத்த கோணியால் மூடி, தண்ணீர்த் தட்டின் நடுவே செங்கல் மீது வைத்தால் எறும்பும் அண்டாது. அக்னி நட்சத்திர நாட்களில் தகரக் கொட்டகையின் கீழ் மட்டும் வைத்துவிடாதீர்கள்.

எந்தப் புழு என்பதையும் கவனிக்க வேண்டும். சென்னைப் புதுக்கல்லூரிப் பேராசிரியராக இருந்த டாக்டர் சுல்தான் அகமது இஸ்மாயில் நம் மண்ணுக்குரிய இரு இனங்களைப் பல்லாண்டுகள் ஆராய்ந்தவர். லாம்பிட்டோ மௌரிட்டி மண்ணுக்குள் வளை தோண்டி வாழ்வது. அதற்குப் பானையில் மண் வேண்டும். பெரியோனிக்ஸ் எக்ஸ்கவேட்டஸ் மேற்பரப்பிலுள்ள சருகிலும் மட்கிய சாணத்திலும் வாழ்வது. மழையிரவுகளில் பானையை விட்டு வெளியேறும் பழக்கமும் அதற்கு உண்டு. மூடியை இறுகக் கட்டுங்கள். இல்லையேல் விடிந்ததும் வீட்டுப் பெண்களிடம் நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

உணவாகக் காய்கறித் தோலும் மட்கிய சாணமும் போதும். புதுச்சாணம் சூடேறிப் புழுவைக் கொன்றுவிடும். உப்பும் மிளகாயும் எலுமிச்சைத் தோலும் ஆகா. பிரியாணி மிஞ்சினால் அண்டை வீட்டாருக்குக் கொடுங்கள், பானையில் கொட்டாதீர்கள்! செத்த புழுவை அன்றன்றே அகற்றிவிட வேண்டும். அது அழுகினால் மற்றவையும் கெடும்.

ஏரிக்குப் பானை முழுவதையும் சுமந்து செல்லத் தேவையில்லை. தேங்காய்ச் சிரட்டையில் ஈரமண் பரப்பி, பதினைந்து புழுக்களை என் பேரன் எண்ணி எடுத்துக்கொள்கிறான். மீன் கடிக்காத நாட்களில் மிஞ்சியவை, வீடு திரும்பியதும் அவன் கையாலேயே மீண்டும் பானைக்குள் போகின்றன.