அரிப்புக் கோட்டைக்கு ஒரு நாள் வழி

கடவை என்னும் சொல் ஈழத்துத் தமிழில் இன்றும் உயிரோடு வழங்குவது. வேலியைக் கடக்கும் இடமும் கடவை. புகையிரதப் பாதையைக் கடக்கும் இடமும் கடவை. மன்னார்ப் பெருநிலப்பரப்பின் கடலோரத்தில், பூநகரிக்குச் செல்லும் வீதியில், இலுப்பை மரத்தின் பெயரோடு இச்சொல்லைச் சேர்த்து ஓர் ஊர் உண்டு. மேற்கே ஆழமற்ற கடல். கிழக்கே வயலும் குளமும். அவற்றுக்கு அப்பால் காடு. இலுப்பைக்கடவை எங்குள்ளதென்று பல்கலைக்கழகத்தில் பலருக்கு விளக்கவேண்டியிருக்கும். அவ்வூரிலிருந்து பேராதனைக்குப் படிக்கவந்த கலைப்பீட மாணவன் ஒருவன் முதலாம் ஆண்டிலேயே இதற்கு ஒரு சுருக்க விடையைப் பழகிக்கொண்டான். “மன்னாருக்கும் பூநகரிக்கும் நடுவே” என்பான். கேட்டவர் தலையசைத்துவிட்டு அப்பாற் செல்வர்.

கலைப்பீடத்தில் வரலாறோ சமூகவியலோ பயில்வோருக்கு றொபேட் நொக்ஸ் புதியவரல்லர். 1681 இல் இலண்டனில் வெளிவந்த அவரது இலங்கை பற்றிய நூல், கண்டி இராச்சியத்து மக்களின் வழக்கங்களுக்கும் நிலமுறைக்கும் உணவுக்கும் உடைக்கும் கண்கண்ட சான்றாக விரிவுரைகளில் எடுத்தாளப்படுவது. வினாத்தாளுக்கு வேண்டிய பத்துப் பக்கங்களைக் குறிப்பெடுத்தபின் நூலை மூடிவிடுவதே மாணவர் மரபு. இறுதிப் பகுதியில் ‘அரிப்பு’ என்னும் பெயர் கண்ணிற் படாதிருந்தால் இம்மாணவனும் அவ்வாறே மூடியிருப்பான்.

நொக்ஸின் கதையைச் சுருக்கமாகச் சொல்லலாம். ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பனியின் ‘ஆன்’ என்னும் கப்பல் புயலிற் சேதமுற்று, பழுதுபார்ப்பதற்காகக் கொட்டியாரக் குடாவை அடைந்தது. 1660 இல் அதன் தலைவரும், அவருடைய பத்தொன்பது வயது மகனும், மாலுமிகள் சிலரும் இரண்டாம் இராஜசிங்க மன்னனின் ஆட்களாற் பிடிக்கப்பட்டனர். மறுவருடம் தந்தை காய்ச்சலால் இறந்தார். மகன் தொப்பி பின்னி விற்றும், நெல்லை வட்டிக்குக் கொடுத்தும், ஊரூராகச் சிறு வணிகம் செய்தும் பத்தொன்பது ஆண்டுகளைக் கழித்தார். அவருக்கு விலங்கு பூட்டப்படவில்லை. வீடு கட்டலாம், நிலம் வாங்கலாம். நாட்டைவிட்டு வெளியேற மட்டும் இயலாது. வணிகத்தைச் சாட்டாகக் கொண்டு வடதிசை வழிகளை ஆண்டாண்டாகக் கற்றுக்கொண்டார். 1679 செப்டெம்பர் 22 ஆம் நாள் எலதெத்த என்னும் ஊரிலிருந்து, ஸ்டீபன் ரட்லண்ட் என்னும் தோழருடன் புறப்பட்டார். அநுராதபுரத்தை அடைந்து, பின்னர் மல்வத்து ஓயாவின் கரையைப் பற்றிக் காட்டினூடாக நடந்து, ஒக்டோபர் 18 ஆம் நாள் ஒல்லாந்தரின் அரிப்புக் கோட்டையை அடைந்தார். தாயகம் திரும்பும் கப்பலில் எழுதிய குறிப்புகளே பின்னர் அறிஞர் றொபேட் ஹூக்கின் துணையோடு நூலாயின. டானியல் டீபோவின் றொபின்சன் குறூசோ கதைக்கும் இந்நூல் ஓரளவு உரமாயிற்று என்பர்.

மாணவனை ஈர்த்தது கதையின் வீரமன்று, அதன் இரு முனைகளே. எலதெத்த பேராதனைக்கு அண்மையில், உடுநுவரையில் உள்ளது. மல்வத்து ஓயாவைத் தமிழர் அருவியாறு என்பர். அது கடலோடு கலக்குமிடத்தில் உள்ள அரிப்பு, இலுப்பைக்கடவை மக்கள் நன்கறிந்த ஊர். ஒவ்வொரு விடுமுறைக்கும் கண்டியிற் பஸ் ஏறி, அநுராதபுரம், மதவாச்சி வழியாகப் பொழுதுபட மன்னாரை அடைபவன் அவன். நொக்ஸ் இருபத்தாறு நாளிற் கடந்த தூரத்தை அவன் பாதித் தூக்கத்திற் கடந்துகொண்டிருந்தான். அதில் ஒரு நாள் வழியையேனும் காலால் நடந்து பார்க்கவேண்டும் என்று எண்ணினான். எலதெத்தவுக்கு அயலூரைச் சேர்ந்த சிங்கள நண்பனொருவன் விடுதியில் இருந்தான். அவனும் உடன்வர இசைந்தான். மன்னாரை அவன் அதுவரை கண்டதில்லை.

வழிகாட்டியாக வந்தவர் மாணவனின் பெரியப்பா. அறுபதைக் கடந்தவர், காட்டுக்கத்தியை இடுப்பிற் செருகினால் வயது பாதியாகிவிடும். செப்டெம்பர் மாதத்து விடியற்பொழுதில் முருங்கனிலிருந்து மூவரும் தெற்கே சென்று ஆற்றங்கரையைப் பிடித்தனர். அங்கிருந்து அரிப்பு பத்துப் பன்னிரண்டு மைல் இருக்கும். மாரிக்கு முந்திய காலமாகையால் அருவியாறு ஆறாக இல்லை. வெண்மணற் பரப்பும் இடையிடையே தேங்கிய மடுக்களுமாகக் கிடந்தது. கரையோரத்து மருதமரங்கள் மட்டும் கோடையை அறியாதவைபோல் நின்றன. அவற்றுக்கு அப்பாற் பாலையும் வீரையும், இடைவெளியெங்கும் சூரை முள்ளும்.

மரங்கள் அடர்ந்த இடம் வந்ததும் பெரியப்பா ஒரு குழையை முறித்து வழியோரக் கிளையில் வைத்துக் கும்பிட்டார். காட்டுக்குள் நுழைவோர் ஐயனாரையோ பிள்ளையாரையோ நினைந்து குழை முறித்து வைப்பது வன்னி வழக்கம். நண்பனும் ஒரு குழையை முறித்து வைத்தான். தன் ஊரிலிருந்து அநுராதபுரம் யாத்திரை செல்லும் முதியோரும் இவ்வாறு செய்வர் என்று சிங்களத்திற் சொன்னான். மாணவன் அதைத் தமிழாக்கினான். “செய்யாமல் என்ன? காடு ஒண்டுதானே” என்றார் பெரியப்பா.

அவர் விதித்த கட்டளை ஒன்றே: “மாடு போன தடத்திலை மட்டும் காலை வையுங்கோ.” யானைக்கு அஞ்சியன்று. மீள்குடியேறிய காலத்தில், கண்ணிவெடி எச்சரிக்கைப் பலகைகளுக்கு நடுவே விறகு பொறுக்கப் பழகியவர்களின் விதி அது. இன்று இந்தப் பாதையில் அத்தகைய அச்சம் இல்லையென்று அவரே சொன்னார். ஆயினும் கால் கேட்பதில்லை. அன்று முழுவதும் மாட்டுத்தடத்தை விட்டு அவர் ஓரடி விலகக் காணவில்லை.

நொக்ஸுக்கு வேறு அச்சங்கள் இருந்தன. அவர் எழுதுவதிலிருந்து இந்த ஆற்றங்கரை அன்று யானைக்கும் கரடிக்கும் முதலைக்கும் உரியதாயிருந்தது தெரிகிறது. யானையொன்று வழிமறித்து நின்றதால் மேலே செல்லமுடியாமற் காத்திருந்ததையும், தாலிப்பனை ஓலையைக் கூடாரமாக விரித்துத் தங்கியதையும், ஆற்றோரமெங்கும் செதுக்கிய கற்றூண்கள் சிதைந்து கிடந்ததையும் அவர் குறித்துள்ளார். அலங்காரம் அறியாத எழுத்து அவருடையது. கண்டதைக் கண்டபடி அடுக்கிச் செல்வது. அதனாலேயே முந்நூறு ஆண்டு கடந்தும் நம்பத்தக்கதாயிருக்கிறது. ஆனால் அவர் விலங்குகளிலும் மேலாக அஞ்சியது மனிதரை. அநுராதபுரத்தைக் கடந்தபின் அவர் நுழைந்தது தமிழர் நாடு. அவர் மொழியில் மலபாரிகள் நாடு. அங்குள்ளோர் தம்மைப் பிடித்து மன்னனிடம் திருப்பியனுப்புவர் என்று, சிங்களவருக்கு அஞ்சியதைப் போலவே அவர்களுக்கும் அஞ்சியதாக எழுதுகிறார். குடிமனைகளின் ஒலி கேட்டால் ஒளிந்தார். வன்னியனின் பெயரைக் கேள்வியால் அறிந்து எழுதிவைத்தார். கடைசியில் எதிர்ப்பட்ட தமிழர் சிலர் அவரைப் பிடித்துக்கொடுக்கவில்லை. இரங்கிக் கோட்டைக்கு வழிகாட்டினர். அவர்களின் பெயர் நூலில் இல்லை. ஒளிந்து செல்பவன் எவரிடமும் பெயர் கேட்பதில்லை என்று அவருக்காக வாதாடலாம். மாணவன் அப்படித்தான் முதலில் வாதாடினான்.

நண்பகலில் ஒரு மடுவின் அருகே மருத நிழலில் அமர்ந்து, வாழையிலையிற் கட்டிவந்த புட்டையும் கட்டாக் கருவாட்டுப் பொரியலையும் உண்டனர். பெரியப்பா மணலில் இறங்கி, கையால் நீரை அள்ளிப் பார்த்துவிட்டு, “இந்த ஆத்துத் தண்ணியை ஒரு வருசம் குடிச்சனாங்கள்” என்றார். மாணவனுக்கு உடனே விளங்கவில்லை. பின்னர் விளங்கியது. 2009 இல் போர் முடிந்தபோது இடம்பெயர்ந்தோர் இரண்டு இலட்சத்துக்கு மேற்பட்டோர் செட்டிகுளம் மெனிக் பாம் முகாமில் வைக்கப்பட்டனர். இதே அருவியாற்றின் மேற்பகுதிக் கரையில் அமைந்திருந்த முகாம் அது. 2012 இல் மூடப்பட்டது. நொக்ஸும் ரட்லண்டும் ஓசைப்படாமற் கடந்து சென்றதும் அந்தப் பக்கத்துக் காடுகளையே.

“கம்பிக்கு அங்காலை ஆறு. உனக்கு அப்ப ஏழு வயசு. ஆத்திலை குளிக்கவேணுமெண்டு அழுவாய்” என்றார். மாணவனுக்கு நினைவிருந்தது வெள்ளைத் துணிக் கூடாரங்களின் வரிசையும், நீர் எடுக்க வைத்த பிளாஸ்டிக் கொள்கலன்களின் வரிசையும் மட்டுமே. எவரும் கேளாமலே பெரியப்பா தொடர்ந்தார். 2008 ஆடியில் எறிகணை ஊரை நெருங்கியதும், உழவு இயந்திரப் பெட்டியில் நெல் மூட்டையோடு பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு வெள்ளாங்குளம் பக்கமாகப் போனதும், அங்கிருந்து ஜெயபுரம், அக்கராயன், கிளிநொச்சி என்று நகர்ந்ததும், நெல் முடிந்ததும், பின்னர் உழவு இயந்திரத்தையே விட்டுவிட்டு நடந்ததும். நண்பன் ஒவ்வொரு நிறுத்தத்திலும் மாணவனின் முகத்தைப் பார்த்தான். மாணவன் சிங்களத்திற் சொல்லிக்கொண்டு வந்தான். ஊர்ப் பெயர்களுக்கு மொழிபெயர்ப்பு வேண்டியதில்லை. நெல்லுக்கும் மழைக்கும் நடைக்கும் சொற்கள் இருந்தன. “மாத்தளனிலைதான் உன்ர பெரியம்மா...” என்று பெரியப்பா தொடங்கி நிறுத்தினார். மாணவன் அந்த வாக்கியத்தை மொழிபெயர்க்கவில்லை. பெரியப்பாவும் வாழையிலையை மடித்து மணலிற் புதைத்துவிட்டு எழுந்தார்.

நடையின் மீதிப் பாதியில் அதிகம் பேச்சில்லை. ஆனால் ஓரிடத்தில் மாணவன் கேட்டான்: “பெரியப்பா, வெள்ளாங்குளம் தாண்டினது எத்தினையாம் திகதி?” அவர் சிரித்தார். “திகதி ஆருக்குத் தெரியும்? வெள்ளாங்குளத்திலை சந்தியிலை இருந்த வேம்பு தெரியும். அக்கராயனிலை கிணறு உவர் எண்டது தெரியும்.” நொக்ஸ் நாளைத் தவறவிடாதவர், பிறையைக் கணக்கிட்டு, கிழமையும் தேதியும் சொல்லக்கூடியவர். தேதி தெரிந்தவரின் நடை நூலாயிற்று. அதை அவர் தேடிச் சேர்த்த செல்வம் என்றே கொள்ளவேண்டும், குறை சொல்வதற்கில்லை. ஆயினும் மரத்தையும் கிணற்றையும் கொண்டு கணக்கிடும் நினைவு அதனினும் நம்பத்தகாதது என்று வரலாறு பயில்வோர் கருதுவது எதனால் என்னும் கேள்வி இங்கு எழாமற் போகாது. வாய்மொழி வரலாறு பற்றி வகுப்பிற் கேட்ட விரிவுரைகள் யாவும் ஆபிரிக்காவைப் பற்றியனவாயிருந்தன என்பதும் மாணவனுக்கு அப்போது நினைவுக்கு வந்தது.

கீழே செல்லச் செல்லக் காடு மெலிந்து வயல்வெளியாயிற்று. நொக்ஸ் கண்ட காட்டிற் பெரும்பகுதி இங்கு இப்போது இல்லை. ஓரிடத்தில் மட்டும் புதிய யானை இலத்தி கிடந்தது. பெரியப்பா அதைக் காலாற் தொட்டுப் பார்த்து, இரவு போனது என்றார். பின்னேரம் நான்கு மணிக்குச் சற்றுப் பின்னர் கடற்காற்று முகத்திற் பட்டது. நொக்ஸ் கோட்டையை அடைந்ததும் ஏறக்குறைய இதே பொழுதில், ஒரு சனிக்கிழமையில்.

அரிப்புக் கோட்டை சிறியது. போர்த்துக்கேயர் கட்டியது, ஒல்லாந்தர் கைக்கொண்டது. எஞ்சிய சுவர்களிற் பற்றைகள் முளைத்துள்ளன. ஊருக்கு வருவோர் பெரும்பாலும் இதைப் பார்ப்பதில்லை. கரையோரத்தில் ஆங்கிலத் தேசாதிபதி நோர்த் கட்டுவித்த மாளிகையின் இடிபாட்டையே படம் பிடித்துச் செல்வர். அம்மாளிகை முத்துக்குளிப்பைப் பார்வையிடுவதற்காக எழுந்தது. தெற்கே மறிச்சுக்கட்டியில் 1906 இல் நடந்த முத்துக்குளிப்பில் லெனாட் வுல்ப் அரசாங்க ஊழியராயிருந்து, அதைப் பின்னர் எழுதியுமிருக்கிறார். எழுத்தாளர்களுக்குக் குறைவில்லாத கரைதான் இது. அவர்கள் எல்லோரும் கடல்வழியே திரும்பிப் போனவர்கள்.

சுவரின் நிழலில் மூவரும் அமர்ந்தனர். நண்பன் தன் குறிப்புப் புத்தகத்தை எடுத்து, நண்பகலிற் கேட்ட ஊர்ப் பெயர்களைச் சிங்கள எழுத்தில் ஒழுங்காக எழுதத் தொடங்கினான். கிளிநொச்சிக்குப் பின் தருமபுரம், விசுவமடு, உடையார்கட்டு என்று மாணவன் சொல்லிக்கொண்டு வந்தான். தேவிபுரத்தோடு நிறுத்திக்கொண்டான். “அதுக்குப் பிறகு?” என்று நண்பன் கேட்டது பெரியப்பாவுக்கு மொழி தெரியாமலே விளங்கிற்று. முகாமில் ஒரு வருடம் இருந்தவர் சிறிது சிங்களம் கற்றிருந்தார். வரிசையில் நிற்கவும், அரிசி கேட்கவும், பெயர் சொல்லவும் போதுமான சிங்களம். அந்தச் சிங்களத்திலேயே, ஒவ்வொரு சொல்லாக, தம் மனைவி எங்கே, எப்படி இறந்தார் என்று அவர் சொன்னார். வினைச்சொற்கள் முன்பின்னாக வந்தன. மாணவன் குறுக்கிடவில்லை. நண்பன் எழுதுகோலை மூடி மடியில் வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தான்.

சற்று நேரத்தின் பின் அவன் மெல்ல அந்த ஊரின் பெயரைத் திரும்பச் சொல்லிப் பார்த்தான். “மாத்தலன்?”

“லன் இல்லைத் தம்பி, ளன். மாத்தளன்” என்று பெரியப்பா திருத்தினார்.

மூன்றாம் முறை சரியாக வந்தது. அவன் எழுதுகோலைத் திறந்து எழுதினான். மாத்தளனில் மூன்று மாதமா நான்கு மாதமா இருந்தது என்று பெரியப்பா விரல்விட்டு எண்ணிக்கொண்டிருக்கையில், சிலாவத்துறைப் பக்கமிருந்து மன்னார் செல்லும் பஸ்ஸின் ஒலி கேட்டது.